முசலிக் காட்டில் மீராசாவின் கிணறு

2018 ஓகஸ்ட், கடைசிக் கிழமை. கொழும்பு கோட்டையிலிருந்து தலைமன்னார் போகும் ரயிலில் யன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தபோது காலை எட்டரை. முதல் நாள் ஹற்றனிலிருந்து பஸ்ஸில் இறங்கி மருதானையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். மடியில் ஒரு கம்பளிப் போர்வை. மன்னார் வெயிலுக்கு இது எதற்கு என்று எதிரே இருந்த பெண் சிரித்தார். மலையில் பிறந்த எங்களுக்குப் போர்வை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பத் தெரியாது.

நான் ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். முன்னாள் குடியேற்ற நாடுகள் ஏன் வறுமையிலும் கலவரத்திலும் கிடக்கின்றன என்று ஒரு பாட அலகு உண்டு. காரணங்களை நான் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள். ஒற்றைப் பயிர் ஏற்றுமதி, நிலம் பறிபோனது, பிரித்தாண்டது, வெளியே போன இலாபம். பன்னிரண்டு வருடமாக ஒரே குறிப்பு. விடைத்தாள் திருத்தும் நிலையம் ஒன்றில் அதே கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து மேசையிலிருந்த ஜமீல் பழக்கமானார். மன்னாருக்குத் தெற்கே முசலிப் பிரிவிலுள்ள சிலாவத்துறைக்காரர். தன் மூத்த சகோதரி சரீனாவின் வயற்காணி பற்றிய விசாரணை விடுமுறையில் வருகிறது, இவ்வளவு தாள் திருத்திய பின் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்றார். எனக்கும் மன்னாருக்குப் போக வேறொரு காரணம் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

ரயில் துறைவரை போகும், ஆனால் அங்கிருந்து இரவில் திரும்ப வண்டி கிடைக்காது என்றதால் பிற்பகல் நாலரைக்கு மன்னாரிலேயே இறங்கினேன். அந்த வேறு காரணத்தை முதலில் முடித்துவிட நினைத்து, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய்வர ஒரு ஓட்டோ பேசினேன். ஒரு வழி முப்பது கிலோமீற்றர். போகவர இரண்டாயிரம் ரூபா. சாரதியின் பெயர் அன்ரன், பக்கத்திலுள்ள கீரி என்ற ஊரைச் சேர்ந்தவர். கழுத்தில் செபமாலை, வாயில் வெற்றிலை. வழியெங்கும் பனை, மணல், பனை. காற்று ஓட்டோவை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.

1974இல் என் அப்பாவின் அண்ணன் குடும்பத்தை இந்தத் துறையில்தான் கப்பலேற்றினார்கள். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். சுதந்திரம் கிடைத்த அதே வருடம் வந்த சட்டத்தால் நாடற்றவர்களாகி, பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தில் 'இந்தியாவுக்கு' என்று பங்கு பிரிக்கப்பட்டவர்கள். அவர்களைத் துறைக்கு ஏற்றிவந்த ரயிலை எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அப்பா வழியனுப்பத் துறைவரை வந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தது அதுதான் கடைசி. அதன் பிறகு அப்பா ரயிலில் ஏறவே இல்லை.

துறையில் பார்க்க அதிகமில்லை. புதிய நிலையம், அதற்கப்பால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உடைந்த பாலம், துருவேறிய கம்பிகள். கடற்படைச் சிப்பாய் ஒருவர் கிட்டப் போக வேண்டாம் என்று கைகாட்டினார். நான் என்ன பார்க்க வந்தேன் என்று அன்ரனுக்கு விளங்கியிருக்க வேண்டும். "இந்த றெயில் எங்களுக்கெண்டு போட்டதில்ல ரீச்சர். உங்கட ஆக்களைத் தேயிலைக்கு ஏத்திறதுக்குப் போட்டது. பிறகு அதிலையே திருப்பி ஏத்தினவங்கள்," என்றார். கூட்டி வந்தது ஒரு அரசு, திருப்பி அனுப்பியது இன்னொரு அரசு, தண்டவாளம் மட்டும் ஒன்று. எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மன்னாருக்குத் திரும்பி ஒரு விடுதியில் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறே முக்கால். சிலாவத்துறை பஸ். அறுபத்து நாலு ரூபா, முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நீண்ட பாலத்தைத் தாண்டி, தள்ளாடி என்ற இடத்து இராணுவ முகாமைக் கடந்து, வங்காலை வழியாகத் தெற்கே போகிறது பாதை. அரிப்பில் கடலோர மண்மேட்டின் மேல் வெள்ளைக்காரத் தேசாதிபதி ஒருவர் கட்டிய மாளிகையின் இடிபாடு நிற்கிறது. முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்ய அவர் வந்து தங்கிய இடம். சுவரின் ஒரு பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இந்தக் கரையிலிருந்து எத்தனை மூட்டை முத்து எந்தெந்த நாட்டுக்குப் போயிற்றோ. பஸ்ஸின் இரண்டு பக்கமும் நான் பார்த்தவை தகரக் கூரைகள், தண்ணீர் பவுசர் லொறிக்குக் காத்திருக்கும் நீலத் தண்ணீர்ப் பரல்கள்.

ஜமீல் சந்தியில் நின்றார். சரீனாவின் வீடு போருக்குப் பின் மீள்குடியேற்றத்தில் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு. "வாங்கோ ரீச்சர், இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நேராகப் பார்க்கும் கண்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. இடியப்பத்தோடு காயவைத்த பெருநாள் இறைச்சியைப் பொரித்து வைத்தார்.

சாப்பிடும்போது கதையைச் சொன்னார். வாப்பா மீராசாவுக்கு ஊரிலிருந்து நாலு கிலோமீற்றர் உள்ளே ஐந்து ஏக்கர் வயல். 1990 ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னது. கையில் தூக்கக்கூடியதோடு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். சரீனாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வயிற்றில் ஆறு மாதம். குழந்தை அகதி முகாமில் பிறந்து முகாமிலேயே இறந்தது. வாப்பாவும் புத்தளத்து ஓலைக் குடிலில்தான் கண்மூடினார். போர் முடிந்து திரும்பி வந்தபோது வயலைக் காணவில்லை. காடு இருந்தது. அந்தக் காட்டைச் சுற்றி, இது ஒதுக்கப்பட்ட காடு என்று, வனத் திணைக்களம் கொழும்பில் வரைபடத்தில் கோடு போட்டிருந்தது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஜமீல் இடையில் சொன்னார். சரீனா தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சட்டம் அவன்ர எண்டு தம்பி சொல்லுவான். அது சரியாத்தான் இருக்கும். ஆனா பள்ளிவாசலுக்கு முன்னால வந்து, எல்லாரும் போங்கோ எண்டு சொன்னது வெள்ளைக்காரன் இல்ல ரீச்சர். என்னோட பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்ச பெடியன்."

தமிழச்சியாக அந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.  அவர் கோபமாகச் சொல்லவில்லை; இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொள்ளுங்கள் என்று கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

பத்து மணி. விசாரணை ஒரு பொது மண்டபத்தில். வெளியே வேப்பமர நிழலில் முப்பது நாற்பது பேர் கோப்புகளோடு நின்றார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க காணி அதிகாரி, சிங்களவர். பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் எழுதுவினைஞர். சரீனாவின் முறை வந்தபோது ஜமீலும் நானும் பின்னால் நின்றோம். காணி உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். வள்ளத்தில் நனைந்து, முகாமில் கறையான் அரித்து, மிச்சமிருந்த அரைப் பக்கத்தைச் சரீனா பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து வைத்தார். கடைசியாக எப்போது விதைத்தீர்கள் என்று கேள்வி. தொண்ணூறாம் ஆண்டு என்றார். அதற்குப் பிறகு? 

அதிகாரி ஒரு வான் படத்தைத் திருப்பிக் காட்டினார். மரங்கள் இவ்வளவு தடித்திருக்கின்றன, ஆகவே பல ஆண்டுகளாக யாரும் பயிரிடவில்லை, கைவிடப்பட்ட நிலம் அரசுக்குரியது என்றார். குரலில் கடுமை இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.  1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன்: காடாகவும் தரிசாகவும் பயிரில்லாமலும் கிடக்கும் நிலம், வேறு உரிமை நிரூபிக்கப்படாதவரை, முடிக்குரியது. தேயிலைக்கும் கோப்பிக்கும் மலைகளை எடுத்துக்கொண்டது அப்படித்தான். முடி போய்விட்டது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த வசனம் உயிரோடு, என் கண்முன்னால், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசும் என்று நான் நினைத்திருக்கவில்லை. துரத்தப்பட்டிருந்த காலத்தில் வளர்ந்த மரமே அவருக்கு எதிரான சாட்சி.

எழுதுவினைஞர் அதைத் தமிழில் சொன்னார்: "நீங்கள் விட்டிட்டுப் போன காணி எண்டு சொல்லுறார்."

"நான் விட்டிட்டுப் போகேல்ல," என்றார் சரீனா. "எங்களைக் கலைச்சவங்கள்."

எழுதுவினைஞர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிங்களத்தில், யுத்தம் காரணமாக இடம் மாறிப் போனதாகச் சொல்கிறார் என்றார். அதிகாரி அதையே எழுதத் தொடங்கினார். மலையில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. என் வேலை இல்லை என்று தெரிந்தும் வாயைத் திறந்துவிட்டேன். அவர் சொன்னது அதுவல்ல, ஆயுதத்தைக் காட்டி விரட்டினார்கள் என்று சொன்னார் என்றேன் சிங்களத்தில்.  எழுதுவினைஞரின் முகம் சிவந்தது. அவர் எந்த ஊர், அவர் வீட்டில் யாரை இழந்தவர், அந்தச் சொல்லை ஏன் சொல்லக் கூசினார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி என்னை யார் என்று விசாரித்தார். ஹற்றனிலிருந்து வந்த ஆசிரியை என்றேன். சற்று நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, எழுதியதை வெட்டி மறுபடி எழுதினார். பிறகு சரீனாவிடம், நிலையான கட்டுமானம் ஏதாவது இருந்ததா என்று கேட்கச் சொன்னார்.

"கிணறு இருக்கு," என்றார் சரீனா. "வாப்பா கட்டினது. பேர் எழுதி இருக்கு."

படத்தில் கிணறு இல்லை என்றார் அதிகாரி. இருக்கிறது என்றார் சரீனா. மூன்று தரம் இப்படியே போயிற்று. கடைசியில் அதிகாரி கோப்பை மூடி, மதியம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும் என்றார்.

ஒன்றரை மணி. ஜமீலின் மச்சானுடைய உழவு இயந்திரத்தில் மூன்று கிலோமீற்றர், அதற்கப்பால் நடை. அதிகாரி, எழுதுவினைஞர், ஜமீல், சரீனா, நான். முட்பற்றையும் பாலை, வீரை மரங்களும் நெருங்கி நின்றன. சரீனா எட்டு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை, வனத் திணைக்களத்தின் தடை. ஆனாலும் ஒரு இடத்தில் வலப்பக்கம் திரும்பி, இது வாய்க்கால் வரம்பு என்று காலால் தட்டிக் காட்டினார். சருகை விலக்கிப் பார்த்தால் மண் மேடு நேராகப் போயிற்று. அதன் மேலேயே நடந்தோம். ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். வழி தப்பிவிட்டதோ என்று ஜமீல் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார். முன்னால் ஒரு இள ஆலமரம், இரண்டு ஆள் உயரம். அது நிலத்திலிருந்து வளரவில்லை. கிணற்றின் உட்சுவரில் வேர்விட்டு, வாயை அடைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது.

சரீனா முட்டிபோட்டு, கிணற்றுக் கட்டின் சீமெந்தில் ஒட்டியிருந்த பாசியைக் கையால் தேய்த்தார். 'மீராசா 1971.' ஈரச் சீமெந்தில் ஆணியால் எழுதிய எழுத்து. ஜமீல் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் கட்டின் மறுபக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில், நேர்த்தியாக, ஒரு அம்புக்குறியும் ஓர் இலக்கமும். வர்ணம் இன்னும் மங்கவில்லை. இரண்டடி தள்ளி, அதே இலக்கத்தோடு திணைக்களத்தின் எல்லைக் கல். காட்டில் எல்லை போட வந்தவர்கள் இந்தக் கிணற்றைக் காணாமல் விடவில்லை. கண்டார்கள். கிணற்றின் மேலேயே தூரிகையால் குறி போட்டு அளந்தார்கள். அதிகாரி உறையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். காற்றில் தாள் படபடத்தது. அந்த இலக்கம் படத்தில் இருந்தது. ஒரு சிறு கறுப்புப் புள்ளியின் பக்கத்தில் இருந்தது. கிணறு என்று எழுதப்படவில்லை.

  பிழையாக எழுதிவிட்டார்கள், தெரியாமல் நடந்துவிட்டது என்று அதுவரை எங்கோ ஒரு மூலையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு அம்புக்குறி அதையும் பிடுங்கிக்கொண்டது. எழுதுவினைஞர்தான் முதலில் அசைந்தார். குனிந்து, பெயரும் இலக்கமும் ஒரே படத்தில் விழும்படி தன் சொந்தக் கைத்தொலைபேசியால் படமெடுத்து, அதைச் சரீனாவிடம் காட்டி, "அக்கா, இது காணுமா?" என்று கேட்டார். காணும், இது போதும் என்றார் அவர்.

திரும்பி நடக்கும்போது அதிகாரி என்னோடு வந்தார். நான் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். தன் ஊரும் மலையில்தான், வலப்பனைப் பக்கம் என்றார். கொள்ளுத் தாத்தா காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனை நிலமும் மாடு மேய்த்த காடும் பயிரில்லாத நிலம் என்று எடுக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டமாயினவாம். வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார்களாம். "ஆனால் எங்கள் வீட்டில் திட்டியது உங்கள் ஆட்களைத்தான்," என்றார் மெதுவாக. "நிலத்தை எடுத்தவனை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அதில் வந்து இருந்தவர்களைத்தான் தினமும் கண்டோம்."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். நான் பிறந்த, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் சேனை இருந்திருக்கலாம் என்று நாற்பது வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. நிலத்தை இழந்தவர்கள் எங்களைப் பகைத்தார்கள். அந்தப் பகையில் வாக்குக் கேட்டவர்கள் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். என் பெரியப்பா கப்பலேறினார். நிலத்தைப் பறித்தவனின் சட்டம் மட்டும் பத்திரமாக இருந்து, அதே வலப்பனைக்காரரின் கொள்ளுப் பேரன் கையில் கோப்பாகி, முசலியில் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் வந்து நிற்கிறது. அவரைத் துரத்தியதோ என் மொழி பேசியவர்கள். வகுப்பில் நான் தனித்தனிக் காரணங்களாக எழுதிக் கொடுத்ததெல்லாம் இங்கே ஐந்து பேராக ஒரே வரம்பில் நடந்துகொண்டிருந்தது. கிணறு இருக்கிறது என்று அறிக்கையில் எழுதுவேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார் அதிகாரி. எழுதினார் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணி பஸ்ஸில் சிலாவத்துறையை விட்டேன். சரீனா சந்திவரை வந்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்து, உங்கள் ஊரில் அவ்வளவு குளிரா என்று கேட்டார். அவரிடமே கொடுத்துவிட்டேன். இங்கே இதை என்ன செய்வது என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பயணம் அத்தோடு முடிந்தது. ஆனால் அங்கே நடந்தது முடியவில்லை. அந்த அதிகாரி இரண்டு மாதத்தில் இடமாற்றமாகிப் போனார். கோப்பு கொழும்புக்குப் போயிற்று. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு நாடு முழுக்க முஸ்லிம்களைப் பார்க்கும் பார்வையே மாறியது. இப்போது எங்கள் பெயருள்ள தாளில் கையெழுத்து வைக்க ஆருக்கும் துணிவில்லை என்று ஜமீல் தொலைபேசியில் சொன்னார். அந்த வருடம் மழைக்கு முன் சரீனா ஒரு கத்தியோடு காட்டுக்குள் போய், நாலு நாள் மினக்கெட்டு, கிணற்றிலிருந்த ஆலமரத்தை வெட்டி எடுத்தார். ஒதுக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டியதாக வழக்குப் போட்டார்கள். நீதவான் கேட்டபோது, ஓம், வெட்டியது நான்தான், என் வாப்பாவின் கிணற்றுக்குள் வளர்ந்தது என்று சொல்லியிருக்கிறார். சொந்தப் பிணையில் விட்டார்கள். வழக்கு தவணை தவணையாகப் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் அதே பஸ்ஸில் மன்னாருக்கு வந்து போகிறார்.

"தண்ணி எப்படி?" என்று ஜமீலிடம் கேட்டேன்.

"நல்ல தண்ணி ரீச்சர். உப்பே இல்ல."

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு ஊற்று உண்டு. பெப்ரவரி, மார்ச்சில் அதன் பீலிக் குழாய் வற்றிவிட்டால் அம்மாவும் பக்கத்து வீட்டாரும் அரை மைல் இறங்கி ஓடையிலிருந்து தண்ணீர் சுமப்பார்கள். நூற்றைம்பது வருடமாக ஐந்து தலைமுறை அங்கே இருந்தும் அந்த ஊற்றில் ஒரு கிணறு கட்ட யாரும் நினைக்கவில்லை. ஏன் என்று மன்னாருக்குப் போய்வரும்வரை நான் கேட்டதும் இல்லை. சென்ற பெப்ரவரியில் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், எங்கள் செலவில் நாலு அடி அகலத்தில் ஒரு கிணறு வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். பெரிய கிளாக்கர் ஐயா என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்:

"கிணறு வெட்ட விட்டா, அப்புறம் காணி கேப்பீங்களே டீச்சர்."